எண்பத்தேழு பிழைகள்

மார்ச் 3, செவ்வாய்

குடையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வந்தேன். இந்த வருடத்தில் இது மூன்றாவது குடை. மழை பெய்யவே இல்லை என்பது வேறு விஷயம்.

புது எலக்ட்ரானிக் போர்டுகள் வந்துவிட்டன. பழைய போர்டு செய்கிறவர்கள் அதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. நாங்கள் செய்கிற கருவி, பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிற கருவி, இனிமேல் புதுப் போர்டில்தான் ஓட வேண்டும். புதுப் போர்டுக்குப் புதுக் கம்பைலர், அதாவது நாம் எழுதும் ப்ரோக்ராமைப் போர்டுக்குப் புரியும்படி மாற்றித் தருகிற மென்பொருள். "ப்ரோக்ராம் அதேதானே, ஒரு தடவை கம்பைல் பண்ணிட்டா முடிஞ்சுது" என்று மேனேஜர் சொன்னார், ஏதோ துணியை மடித்து வைக்கச் சொல்வதுபோல. பெரிய ஆஸ்பத்திரி நாற்பது கருவிகளுக்குக் காத்திருக்கிறது. இருபதாம் தேதி கெடு.

சொன்னபடி ஒரு தடவை கம்பைல் செய்தேன். எண்பத்தேழு பிழைகள். கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

எண்பத்தேழும் ஒரே ஃபைலில். குழந்தையின் காதுக்குள் 'டிக்' என்று ஒரு சின்ன ஒலியை அனுப்பி, காது திருப்பி அனுப்பும் எதிரொலியைப் பிடிக்கிற ஃபைல் அது. இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரம் மயிரிழை தப்பக் கூடாது. அதனால் அந்த ஓரிடத்தில் மட்டும், சி மொழிக்கு நடுவே, சிப்புக்கே நேரடியாக ஆணையிடும் அசெம்ப்ளி மொழியில் பன்னிரண்டு வரி செருகியிருக்கிறது. எழுதியவர் ஒட்டகம்.

ஒட்டகம் என்று இந்த நோட்டில் எழுதி எவ்வளவு நாளாயிற்று! ஆள் நல்ல உயரம், மானிட்டரைப் பார்க்கக் கழுத்தை நீட்டிக் குனிவார். நான்தான் அந்தப் பெயரை வைத்தேன், அவருக்கும் தெரியும். பதினோரு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த நாற்காலிமேல் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

பழைய கம்பைலரில் ஆறு வருடம் ஒழுங்காக ஓடிய ஃபைல். இப்போது மட்டும் என்ன கேடு அதற்கு?

மார்ச் 5, வியாழன்

பிழை 412ஆம் வரியில் என்கிறது. ஃபைலில் இருப்பதே 260 வரிதான்.

இல்லாத வரியில் பிழை! காலையெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் மண்டையில் ஏறியது. அது என் ஃபைலின் வரி எண்ணே இல்லை. கம்பைலர் நம் சி வரிகளை எல்லாம் அசெம்ப்ளியாக மாற்றித் தனியாக ஒரு நடு ஃபைல் எழுதும். நாம் செருகிய பன்னிரண்டு வரியை மட்டும் படிக்கவே படிக்காது. ஒட்டிய உறையைக் கொண்டுவந்து கொடுக்கிற தபால்காரர் மாதிரி அப்படியே வாங்கி அப்படியே வைக்கும். அதைப் பிரித்துப் படிப்பது அடுத்த ஆள், அசெம்ப்ளர். கத்துவதும் அவன்தான். அவன் சொல்லும் வரி எண் அந்த நடு ஃபைலுடையது. வேலை முடிந்ததும் அந்த ஃபைலையும் அழித்துவிடுகிறார்கள். எங்கே குற்றம் என்று கேட்டால், எரித்துவிட்ட காகிதத்தில் ஐந்தாவது பத்தி என்கிறான்.

வரிகளுக்கு நடுவே வரிமுறிப்பு விட்டுப்போயிருக்குமோ என்று பார்த்தேன். பன்னிரண்டு வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாகப் போனால் இப்படித்தான் கத்தும். எல்லாம் இருந்தது. ஒட்டகம் அதெல்லாம் விடுகிற ஆள் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

இன்று அலுவலகத்தில் வாயைத் திறந்து பேசிய வார்த்தைகள் மொத்தம் பதினொன்று. அதில் நான்கு வாட்ச்மேனிடம்.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி கூப்பிட்டான். நான்கு நிமிடம். அதில் ஒன்றரை நிமிடம் அவன் பிள்ளைகளைக் கூப்பிட்டு "அத்தைகிட்ட பேசு" என்பதிலும், அவர்கள் பேச மாட்டேன் என்று ஓடுவதிலும் போயிற்று. அம்மா போய் மூன்று வருடமாகிறது, இனியும் தனியாக இருந்து என்ன பண்ணுகிறாய், இங்கே வந்துவிடு என்றான். வேலை இருக்கிறதே என்றேன். "சாப்பிடுறியா ஒழுங்கா?" என்று கேட்டான். ம் என்றேன்.

ஒழுங்காகத்தான். மத்தியானம் மேசையிலேயே இரண்டு பிஸ்கட். டப்பா கட்டி எடுத்துக்கொண்டு போவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. ஒரு ஆள் தனியாக டப்பாவைத் திறந்து, தனியாகத் தின்று, தனியாக மூடி... சீ, வேண்டாம். தனியாக இருப்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இந்த நோட்டில் அதை எழுத வேண்டியதில்லை. குறை இருக்கிறது. கதவைத் திறந்ததும் வீடு காலையில் விட்டபடியே இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 9, திங்கள்

அசெம்ப்ளியை எழுத இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்றில், எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை முதலில் சொல்லி, எங்கே வைக்கிறோம் என்பதைப் பிறகு சொல்ல வேண்டும். மற்றதில் அப்படியே தலைகீழ். எங்கள் கம்பைலர் முதல் முறைக்காரன். நானும் அப்படித்தான். ஒட்டகம் இரண்டாவது கட்சி. "எங்க போய்ச் சேரணும்னு தெரியாம எதுக்குக் கையில தூக்கணும்?" என்பார். இதற்காகவே ஒரு வருடம் சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டிருக்கிறோம். பக்கத்து மேசைக்காரர்கள் நாங்கள் ஏதோ சொத்துத் தகராறு பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதனால் இன்று கம்பைலருக்கே அவர் முறையில் எழுதச் சொல்லி ஆணை கொடுத்துப் பார்த்தேன். அந்த எண்பத்தேழும் போயிற்று. உடனே வேறு நாலு ஃபைல்களில் நான் எழுதிய பழைய வரிகள் எல்லாம் தலைகீழாகி நூற்று நாற்பது பிழை வந்தது. பழையபடி மாற்றி வைத்தேன். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "ஆகுதா?" என்றார். ஆகிறது என்றேன். பொய்.

மார்ச் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

நடு ஃபைலை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லும் ஒரு ஆணை இருக்கிறது. முதல் நாளே செய்திருக்க வேண்டும், கழுதை நான். 412ஆம் வரிக்குப் போனேன். அது கம்பைலரே எழுதிய வரி, நானோ ஒட்டகமோ எழுதியதில்லை. துளிக் குற்றம் இல்லாத வரி. அடுத்ததும் அப்படியே. எண்பத்தேழும் கம்பைலரின் சொந்த வரிகள்! அப்படியானால் மேலே என்ன நடந்திருக்கிறது? ஒட்டகத்தின் பன்னிரண்டு வரி. அதற்கு முன்னால் ஒரு பிழையும் இல்லை, அது முடிந்த அடுத்த வரியிலிருந்து எல்லாம் பிழை.

விஷயம் இதுதான். அவர் தன் வரிகளின் தலையில், இனி இரண்டாவது முறையில் படி என்று அசெம்ப்ளருக்குச் சொல்கிறார். முடித்த பிறகு, பழைய முறைக்குத் திரும்பு என்று ஒரு வரி போட வேண்டும். அதைப் போடவில்லை. அவன் பாட்டுக்கு எல்லாவற்றையும் தலைகீழாகவே படித்துக்கொண்டு போகிறான்.

ஆறு வருடமாக இது ஏன் தெரியவில்லை என்றால், அந்தப் பகுதி ஃபைலின் கடைசியில் இருந்தது. அதற்குக் கீழே கெடுவதற்கு எதுவும் இல்லை. கடைசிக்கு நகர்த்தியது நான்தான். புதுக் கம்பைலர் எங்கள் வரிசையை மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு அதை மேலே தூக்கி வைத்துவிட்டது.

ஆக, ஒட்டகம் மறந்துவிட்டார். அன்றைக்கு நான் சொன்னது சரிதான்.

அன்றைக்கு நடந்ததை எழுதி வைக்கிறேன், எழுதினால் தெளியும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரம். சனி, ஞாயிறு முழுக்க அங்கே. திங்கட்கிழமை காலையில் அலுவலகம் வந்தால் ரகளை. மறுநாள் டெலிவரி, இதே ஃபைலில் இதே மாதிரிப் பிழைகள். அவருடைய பகுதியை எடுத்தால் சரியாகிறது, கடைசிக்கு நகர்த்தினாலும் சரியாகிறது. கடைசியாக அந்த ஃபைலைத் தொட்டவரும் அவர்தான், சனிக்கிழமை வாடிக்கையாளர் இடத்திலிருந்து ஏதோ திருத்தி அனுப்பியிருக்கிறார். மீட்டிங்கில் ஆறு பேர். "என் மெஷின்ல ஓடுச்சே" என்றார். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய ஜோக் கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அதைவிட மோசமாகப் பேசினேன். "இவர் எழுதினதைத் திருத்தறதே எனக்கு முழுநேர வேலையாப் போச்சு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். நானும் கூப்பிடவில்லை.

சரி, அன்று சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு ஏன் சந்தோஷமாக இல்லை?

மார்ச் 11, புதன்

ஒரே வரி சேர்த்தேன். பிழை பூஜ்யம். கருவியும் 'டிக்' என்றது.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். இனி நாற்பது கருவியிலும் ஏற்றிச் சோதிக்க வேண்டும், ஒரு வாரம் தாமதமாகும் என்று ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டும், காரணம் கேட்பார்கள், எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமைக்குள் கொடுங்கள் என்றார். காரணமும் அவரே சொல்லிவிட்டார். முன்பு இங்கே வேலை பார்த்த இன்னார் செய்த பிழை. பெயரோடு.

"அவர் இப்ப அதே ஆஸ்பத்திரியிலதானே சார், கருவிகள் பிரிவுல இருக்கார்" என்றேன்.

"அப்ப இன்னும் நல்லது. அவங்களுக்கே புரியும்ல?"

மார்ச் 12, வியாழன்

நான்தான்.

நானேதான். கடவுளே. கடிதத்தில் போடத் தேதி வேணும்னு, ஃபைலை யார் எப்ப மாத்தினாங்கன்னு காட்டுற ஹிஸ்டரியைத் திறந்தேன். அவர் போட்டிருக்கார். முதல் நாள்லேருந்து அந்த வரி இருக்கு. திரும்பும் வரி. எடுத்தது நான். என் பேர், என் கை. பக்கத்துல குறிப்பு வேற — "தேவையில்லாத வரிகள் நீக்கம்". அந்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு இருபது.

எழுத முடியலை.

மார்ச் 13, வெள்ளி

நாலு இருபது. அம்மா மயங்கி விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டது நாலு இருபத்தைந்துக்கு. அந்த நேரம் என் ஃபோனில் இல்லை, மனதில் இருக்கிறது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வார வேலை முடிந்ததும் எல்லோருடைய ஃபைலிலும் புகுந்து பெருக்குவது. காலி வரி, பழைய குறிப்பு, எதுவும் செய்யாமல் சும்மா நிற்கிற வரி என்று எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுவேன். ஒட்டகம் கேலி செய்வார், "மேடம் விளக்குமாத்தோட கிளம்பிட்டாங்க, ஃபைலை மூடிக்கோங்க" என்று. பெருக்கியதும் ஒரு தடவை கம்பைல் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அன்று மட்டும் செய்யவில்லை. ஃபோன் வந்தது, பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவரிடம் இருந்தது நான் பெருக்குவதற்கு முந்தைய நகல். அதில் வரி இருந்தது, ஓடியது. சனிக்கிழமை அதில் வேறொரு எண்ணைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். இரண்டையும் கணினி தானாகச் சேர்த்தபோது அவர் திருத்திய எண்ணும் வந்தது, நான் அந்த வரியை நீக்கியதும் சேர்ந்தே வந்தது. "என் மெஷின்ல ஓடுச்சே" — ஓடியிருக்கிறது. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

அந்த வரி எதற்கு என்று அவர் என்னிடம் சொல்லியும் இருக்கிறார், இன்று ஞாபகம் வருகிறது. "இது உங்க ஃபைல். உங்க வீட்டுக்குள்ள வந்தா, போகும்போது எல்லாத்தையும் இருந்த இடத்துல வெச்சுட்டுப் போகணும்ல?" நான் அப்போது எதையோ மென்றுகொண்டிருந்தேன்.

மார்ச் 14, சனி

வெளியே போகவில்லை. துணி துவைத்தேன். ஏற்கெனவே துவைத்த துணியை.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஹிஸ்டரியைத் தோண்டிப் பார்க்கிற ஆள் இந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான். அந்த எண்ணம் வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

மேனேஜரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு வருடத்துக்கு முன் நடந்தது, யாருக்கு ஞாபகம் இருக்கிறது, இதை எல்லாம் கிளறாதீர்கள் என்றார். பேச்சு வளர்ந்தது. உங்கள் பெயரைப் போட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் நாளைக்கு உங்களையே இந்த வேலையிலிருந்து எடுக்கச் சொல்வார்கள், அப்புறம் நான் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

"எடுக்கட்டும் சார். பேரைப் போடுங்க" என்றேன்.

தைரியம் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. வெளியே வந்து, தண்ணீர் பிடிக்காமலே டம்ளரை வாயில் வைத்தேன்.

கடிதம் இப்படிப் போயிற்று: இந்தப் பிழை முன்பு பணிபுரிந்தவருடையது அல்ல. அவர் சரியாக எழுதிய ஒரு வரியை நான் சோதிக்காமல் நீக்கியதால் நேர்ந்தது. கீழே என் பெயர். அந்த மீட்டிங்கில் இருந்த மற்றவர்களுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார், "எந்த மீட்டிங்?" என்று.

மார்ச் 18, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் அதைக் காகிதத்தில் படித்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. இரண்டு நாள் தள்ளிப்போட்டதும் நான்தான்.

கருவிகள் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் இல்லாத நீள அறை, அலமாரி நிறையச் செத்துப்போன மானிட்டர்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை. கடைசி மேசையில் குனிந்து எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டுவிட்டது. தலை பாதி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பற்றவைக்கும் கம்பியை அதன் தாங்கியில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது எல்லாம் போயிற்று. நின்றபடியே சொன்னேன். "அந்தத் திரும்புற வரியை எடுத்தது நான்தான் சார். இப்பதான் பார்த்தேன்."

"தெரியும்" என்றார்.

கடிதம் வந்துவிட்டதா என்று கேட்டேன். எந்தக் கடிதம் என்றார். அன்றைக்கு மீட்டிங் முடிந்ததுமே ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்துவிட்டாராம். ஆறு வருடம்! அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"மறுநாள் அம்மாவுக்கு ஆபரேஷன்னு சொன்னீங்க. அன்னைக்கு இதையும் கொண்டுவந்து உங்க தலையில வைக்க மனசு வரல. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அந்த வாரம் பூரா நீங்க என் பக்கம் திரும்பவே இல்ல." கம்பியின் சூடு தணிந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல அதைத் தொட்டுப் பார்த்தார். "நீங்களே ஒரு நாள் பார்ப்பீங்கன்னு நினைச்சேன். இவ்வளவு நாள் ஆகும்னு நினைக்கல."

மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தையில் கேட்டேன் என்று நினைவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். அதற்குள் யாரோ ஒரு தள்ளுவண்டியில் பழுதான கருவியோடு வந்து நின்றார்கள். நான் "வரேன்" என்றேன். அவர் தலையசைத்தார். மறுபடி வாருங்கள் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறார்?

வரும்போது பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

நாற்பது கருவிகளும் போய்விட்டன. என்னை இந்த வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் இனி நான் தொடுகிற ஒவ்வொரு ஃபைலையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சேர்க்க வேண்டுமாம். ஆஸ்பத்திரி கேட்டுக்கொண்டதாம். நியாயம்தான். ரோஷமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் நியாயம்தான்.

நாலு இருபதுக்கு விளக்குமாற்றை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஃபோனை மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது நிமிடம். "அக்கா, நீ அழறியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பிள்ளைகளைக் கூப்பிடவில்லை, அவனே கடைசி வரை கேட்டான்.

ஏப்ரல் 9, வியாழன்

பிரிண்டரை நாற்காலியிலிருந்து இறக்கி அலமாரிமேல் வைத்தேன். மேனேஜர் ஏன் என்றார். தூசி என்றேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

மத்தியானம் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஃபோனில் ஒரு செய்தி. ஒட்டகம்.

நலமா, கிலமா ஒன்றும் இல்லை. ஒரு படம், அவர் மானிட்டரை ஃபோனிலேயே எடுத்தது. சி மொழிக்கு நடுவே ஒன்பது வரி அசெம்ப்ளி, கீழே சிவப்பில் வரிசையாகப் பிழைகள். "இது ஏன் வருதுன்னு பாருங்க மேடம்."

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வரியில் வழக்கம்போலத் தன் முறைக்கு மாறியிருக்கிறார். கடைசியில் திரும்பும் வரி இல்லை. எனக்குத் தெரிந்து அவர் ஒரு தடவைகூட விடாத வரி. இன்னொரு தடவை பார்த்தேன், இல்லவே இல்லை. பதில் அடிப்பதற்குள் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது.

"கடைசி வரி இல்லை சார்" என்று அனுப்பினேன்.

"தெரியும்" என்று வந்தது. பிறகு இன்னொன்று: "திங்கக்கிழமை உங்க பக்கம் ஒரு வேலை இருக்கு. ஒரு மணிக்கு வரேன். டப்பா கொண்டு வருவீங்கல்ல?"

வீட்டுக்கு வந்ததிலிருந்து அடுப்படி அலமாரியை எல்லாம் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன். டப்பா கிடைத்துவிட்டது. மூடியைத்தான் காணோம்.